சும்மாதான் கேட்டேன்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே போன் வரும். "ஏனுங்க தம்பி, என்னையப் பத்தி என்னமோ எழுதியிருக்கீங்களாமா?" என்பார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள், நான் எழுதாததையெல்லாம் எழுதியதாக நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். போதும். ஒரு தடவை பட்டதே இன்னும் ஆறவில்லை.

கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்தைத் தாண்டி எங்கள் ஊர். மெயின் ரோட்டில் நான் டயர் ரீட்ரெடிங் கடை வைத்திருக்கிறேன். எதிரே எடை மேடை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு, ஜவ்வரிசி ஆக்குகிற சேகோ மில்லுக்குப் போகிற லாரிகள் அங்கே ஏறி நின்று, எடைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகும். அந்த எடை மேடையின் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். காதில் நீலப் பேனா, தோளில் துண்டு, ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்த டீ டம்ளர். சின்னப் பிள்ளையைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். குரல் உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை.

எடை விஷயத்தில் அவரை யாராலும் அசைக்க முடியாது. ஒரு கிழங்கு வியாபாரி ஒருமுறை ஜன்னலில் தலையை விட்டு, சீட்டில் கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னான். "எந்திரம் சொல்றதத்தானுங்க நான் எழுத முடியும்" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். எந்திரம் சொல்வதைத் தவிர வேறொன்றும் எழுதாத அந்த மனுஷன்தான் எங்கள் ஃபுட்பால் கிளப்பின் அடிமடியில் கை வைத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் பொய் சொல்லிக் கேட்டவர் ஊரில் ஒருத்தர் இல்லை. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். அவர் பொய் சொன்னதில்லை, ஏனென்றால் அவர் எதையும் சொன்னதே இல்லை. கேட்பார். அவ்வளவுதான். "அந்தப் பாலத்துல விரிசல் விட்டிருக்குங்களா?" என்று கேட்பார். "புது டாக்டரு நெசமாவே படிச்சவருதானுங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, யாராவது திரும்பிப் பார்த்தால், "இல்லீங்க, சும்மாதான் கேட்டேன்" என்று டீயை உறிஞ்சுவார். அதற்கப்புறம் ஒரு மாசத்துக்கு அந்தப் பாலத்தில் ஆட்டோக்காரன் ஏற மாட்டான்.

எங்கள் பக்கம் கபடிக்கும் வாலிபாலுக்கும்தான் கூட்டம் கூடும். எங்கள் ஊருக்கு மட்டும் ஃபுட்பால் பைத்தியம் எப்படியோ பிடித்துவிட்டது. எடை மேடைக்குப் பின்னால் மைதானம், மைதானத்துக் கேட்டை ஒட்டி டீக்கடை. நான் பத்து வருஷம் இடது பக்க டிஃபன்ஸ் ஆடினேன். முழங்கால் போனபிறகு கிளப்பின் இணைச் செயலாளர். பந்து, வலை, ஜெர்சி வைக்கிற அறையின் சாவி என்னிடம்தான் இருக்கும்.

அவர் ஒரு மேட்சும் தவறவிட மாட்டார். கிழக்குப் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், கறுப்புக் குடையை விரித்துத் தரையில் உட்கார்ந்திருப்பார். கத்த மாட்டார், விசிலடிக்க மாட்டார். ஒரு பொங்கல் டோர்னமென்ட்டில் எதிரணி கோல் போட்டது. சுத்தமான கோல். இவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஏனுங்க, அது ஆஃப்சைடு இல்லீங்களா?" என்றார். ஆஃப்சைடு என்றால் என்ன என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது. கேட்டவர் அடுத்தவரிடம் கேட்டார், அவர் அதற்கடுத்தவரிடம் சொன்னார். அஞ்சே நிமிஷத்தில் இருநூறு பேர் 'ஆஃப்சைடு, ஆஃப்சைடு' என்று உள்ளே இறங்கிவிட்டோம். நானும்தான் ஓடினேன். ரெஃப்ரி எடை மேடை ரூமுக்குள் ஓடி ஒளிந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, "ஏனுங்க சார், இவங்க எதுக்குங்க இப்படிப் பண்றாங்க?" என்று கேட்டவரும் இவர்தான்.

இன்னொரு வருஷம் எங்கள் கோல்கீப்பர் இரண்டு பந்துகளை விட்டுவிட்டான். எந்த கீப்பரும் விடுவான். டீக்கடையில் இவர், "பையனுக்குக் கண்ணு ஏதாச்சும் மங்கலாத் தெரியுதுங்களா?" என்று ரொம்பக் கவலையாகக் கேட்டார். அடுத்த மேட்சில் அவன் பந்து வரும்போதெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். நாமக்கல் போய்க் கண் டெஸ்ட் பண்ணிக்கொண்டு வந்தான். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் காட்டினான். என்ன காட்டி என்ன, அந்த வருஷத்தோடு கீப்பிங்கை விட்டுவிட்டான். அப்போதே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் மனசே என்னைக் குத்தும். என் அப்பா சேலம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது, சொந்த அண்ணன் தம்பி எட்டிப் பார்க்கவில்லை. இவர் நாலு நாள் லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தார். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டியது இவர் கைதான். அதனால்தான் இவரை வெறுக்கவும் எனக்குச் சரியாக வரவில்லை. அதுவே இன்னொரு எரிச்சல்.

பத்து வருஷத்துக்கு முந்தி எங்களுக்கு ஒரு கோச் இருந்தார். தீவன மில்லில் ஃபிட்டர். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மொபட்டில் வந்து இறங்குவார். அதிகம் பேச மாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். மூணு வருஷமாக முதல் ரவுண்டிலேயே தோற்றுக்கொண்டிருந்த எங்களை ஃபைனலுக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்த வருஷம் ஃபைனல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டையாம்பட்டி அணியோடு. அவர்களை நாங்கள் முறுக்குக்காரர்கள் என்போம், ஊரில் முறுக்கு அத்தனை பிரசித்தம். அவர்கள் எங்களைக் குரங்குகள் என்பார்கள், மலை பக்கத்தில் இருக்கிறதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வந்த திங்கட்கிழமை காலையில், டீக்கடையில் இவர் கேட்டார்.

"ஏனுங்க, நேத்து நம்ம கோச் ஊட்டு முன்னால ஆட்டையாம்பட்டி கிளப் தலைவரு கார் நின்னுச்சுங்களே, எதுக்குங்க? கண்ணாடியில அவங்க கிளப் ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. நாலஞ்சு பேரு தட்டோட உள்ள போனாங்க. வெத்தல பாக்கு, பழமெல்லாம் இருந்துச்சு. சும்மாதான் கேட்டேன்."

தட்டு. அந்த ஒரு சொல் போதும் எங்களுக்கு. எங்கள் பக்கம் சமையல்காரரைப் பேசினாலும் மேளக்காரரைப் பேசினாலும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். வாங்கிக்கொண்டவர் அப்புறம் மாற முடியாது. இந்தக் கோச்சை நாங்கள் கூட்டிவந்ததே அப்படித்தான். செயலாளரும் நானும் தட்டோடு அவர் வீட்டுக்குப் போனோம். தட்டோடு இன்னொரு கிளப் தலைவர் அதே வீட்டுக்குள் போனார் என்றால் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? அப்படித்தான் எங்கள் மூளை போயிற்று. டீ ஆறுவதற்குள் கோச் விலை போய்விட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை மூணு நாள் ஓயவில்லை. கிளப் வாட்ஸ்அப் குழுவில் போன் சூடாகிறவரைக்கும் திட்டிக்கொண்டோம்.

"ஃபைனலுக்கு ஆறு நாள் இருக்கறப்ப எதிரி டீமோட பேசறானே, அவனெல்லாம் மனுசனா?" என்றார் செயலாளர். அவருக்குக் கோழிப்பண்ணை. கோபம் வந்தால் மரியாதை முதலில் பறந்துவிடும்.

"இருங்க, அவரு போறேன்னு சொன்னாருங்களா?" என்றேன் நான். முதல் நாள் நான் கோச் பக்கம்தான் இருந்தேன். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"சொல்லிட்டா போவாங்க? அங்க புல்லுத் தரை இருக்குது, லைட்டு இருக்குது. இங்க என்ன இருக்குது, நெருஞ்சி முள்ளு."

ரிக் வண்டியில் போர்வெல் போட சத்தீஸ்கர் போயிருந்த எங்கள் பழைய ஸ்டிரைக்கர் வீடியோ காலில் வந்தான். பின்னால் எந்திரம் ஓடுகிற சத்தத்தில் அவன் கத்தியது பாதிதான் கேட்டது. "ஞாயித்துக்கெழம வேணும்னே தோக்க வெப்பாருடா! எழுதி வெச்சுக்கோ!" என்றது மட்டும் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. அதற்கு முன் அப்படி ஒரு யோசனை யாருக்கும் வரவில்லை. வந்தபிறகு போகவில்லை.

இவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கோச்சைத் திட்டியவர்களிடம், "நாம அவருக்கு என்னங்க கொற வெச்சோம்?" என்று கேட்டார். அவர்களுக்கு இன்னும் ஏறியது. கோச்சுக்காகப் பேசிய என்னிடம், "அப்ப அந்தத் தட்டு எதுக்குங்க தம்பி?" என்று கேட்டார். அவர் முகத்தில் ஒரு கள்ளம் கிடையாது. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் கை பரபரக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே நான் கோச்சிடம் கேட்டேன். என்ன கேட்டேன் என்பதுதான் முக்கியம். எங்கள் பக்கம் மரியாதைப்பட்ட ஆளிடம் எதையும் பட்டென்று கேட்டுவிட மாட்டோம். சுற்றி வளைத்துத்தான் வருவோம். "நேத்து ஊட்டுக்கு ஆரோ கார்ல வந்துட்டுப் போனாங்களாமா?" என்றேன்.

கோச் பயிற்சிக்கு வைக்கிற பிளாஸ்டிக் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் தெரிந்ததாக எனக்கு ஞாபகம். "ஆமாங்க, வந்தாங்க. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. வெள்ளிக்கெழம உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்" என்றார்.

போதாதா? நானும் கட்சி மாறினேன். நம்பியவன் மாறினால் மற்றவர்களைவிட வேகமாகத்தானே மாறுவான். புதன்கிழமை செயலாளரின் தீவனக் குடோனில் கூட்டம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை கோச் அணியோடு இருக்கக் கூடாது என்று முடிவானது. வியாழக்கிழமை மத்தியானம் நான் போய்ச் சாமான் அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அஞ்சு மணிக்குக் கோச் மொபட்டில் வந்தார். அவரிடம் இருந்த சாவியைப் போட்டுப் பார்த்தார். சேரவில்லை. திரும்பினார். கேட் பக்கத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தோம்.

"இனிமே வர வேண்டாங்க" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. பழைய சாவியை வளையத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். விசிலைக் கழுத்திலிருந்து எடுத்து, அதையும் கொடுத்தார். கூட்டத்தில் ஒருத்தன், "முறுக்கு நல்லா இருந்துச்சுங்களா?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மொபட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோச்சின் மனைவி பட்டுச் சேலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் தட்டு. வாழைப்பழம், பூ, ஒரு டப்பா நிறையக் கை முறுக்கு. "எங்க பொண்ணுக்கு இன்னைக்குக் கல்யாண உறுதி வார்த்தை முடிஞ்சுதுங்க. ஆட்டையாம்பட்டி. அந்தக் கிளப் தலைவரோட தம்பி பையன். போன வருசம் ஒரு சம்பந்தம் பேச்சு வெளிய போயி முறிஞ்சுதுங்களா, அதனால இந்தத் தடவ முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு இருந்தமுங்க. மொதல்ல உங்க ஊட்டுக்குத்தான் வாரேன். திங்கக்கெழமையே சொல்லிட்டாரு, மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்னு" என்றார்.

வியாழக்கிழமை நடந்தது அந்தம்மாவுக்குத் தெரியாது. விசேஷம் கெட்டுப்போகக் கூடாதென்று கோச் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை, என் வீட்டுக்குப் போகவேண்டாம் என்றும் தடுக்கவில்லை. என் மனைவி தட்டை வாங்கிக்கொண்டு, "எல்லாம் நல்லபடியா நடக்கட்டும் சாமி" என்றாள். அந்த முறுக்கை என் பிள்ளைகள் தின்றார்கள். நான் தொடவில்லை.

நானும் செயலாளரும் சனிக்கிழமை கோச் வீட்டுக்குப் போனோம். "உள்ள வாங்க" என்றார். காபி கொடுத்தார். அணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் பேச்செடுத்தபோது, "கல்யாண வேலை கெடக்குதுங்க" என்று எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு கோல் வாங்கினோம். பையன்கள் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் மைதானத்தில் ஒருத்தன் மேல் ஒருத்தன் இடித்துக்கொண்டு ஓடினார்கள். கல்யாணம் முடிந்து ஆறேழு மாசத்தில் கோச் ஆட்டையாம்பட்டிக்கே குடிபோனார். அந்த ஊர் அணிக்குக் கோச் ஆனார். போகமாட்டேன் என்று இருந்த மனுஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அங்கே விட்டது நாங்கள்தான். அடுத்த பொங்கலுக்கு அவர்கள் எங்களை ஆறு கோல் போட்டு அடித்தார்கள்.

அன்றைக்கு மேட்ச் முடிந்து எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும்போது, இவர் குடையை மடக்கிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார். ரொம்ப மெதுவாக, ஆறுதல் சொல்கிற குரலில், "நான் அப்பவே கேட்டேனுங்களே தம்பி?" என்றார்.

அடித்திருப்பேன். என் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிய கை அது என்பதால் அடிக்கவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன். எதிரெதிர்க் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் அவர் முகம்தான் தெரியும். லாரிக்காரன் எடை போட்டுவிட்டு டயர் மாற்ற வந்தால், "அந்தாளு என்ன கேட்டான்?" என்று விசாரித்துத் தெரிந்துகொள்வேன். எட்டு வருஷமும் அவரைத் திட்டுவதற்கு ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். பொய்க்காரர் என்று சொல்ல முடியாது. கெட்டவர் என்று சொன்னால் என் வீட்டிலேயே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இதற்கிடையில் கிளப்பில் சொல்லிச் சொல்லி, எல்லாவற்றுக்கும் அவர் வாய்தான் காரணம் என்று நாங்கள் எல்லாருமே முடிவுகட்டிவிட்டோம். அப்படி முடிவுகட்டியபிறகு எங்களுக்குக் கொஞ்சம் நன்றாகத் தூக்கம் வந்தது.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் கடை முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. கோச். தலை முழுக்க நரைத்திருந்தது. எழுந்து நின்றேன். எட்டு வருஷத்துக்கப்புறம் அந்த மனுஷன் என் கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார். "ஆட்டையாம்பட்டியில இருக்கற எம் மச்சினன் பையனுக்குப் பொண்ணு பாக்கறமுங்க. உங்க எதுத்தாப்பல எடை மேடைக்காரரு பொண்ணு ஜாதகம் பொருந்தியிருக்குது. நேர்ல போறதுக்கு முன்னால குடும்பத்தப் பத்தி விசாரிக்கோணுமில்லீங்களா? இந்த ஊர்ல எனக்குக் கேக்கறதுக்கு உங்கள விட்டா ஆருமில்லீங்க."

எதிரே எடை மேடை ஜன்னலுக்குப் பின்னால் அவர் தலை தெரிகிறது. ஏதோ லாரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கம் சம்பந்தம் விசாரிக்க வந்தவரிடம் ஒரு குற்றமும் சொல்ல வேண்டியதில்லை. பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் இழுத்தால் போதும், வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். எட்டு வருஷ ஆத்திரத்துக்கு அன்றைக்கு வழி கிடைத்தது. அந்தப் பெண்ணைச் சின்னதிலிருந்து பார்க்கிறேன். தாயில்லாத பிள்ளை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க கோச், அன்னைக்கு உங்க ஊட்டு முன்னால நின்ன காரைப் பாத்து, எங்ககிட்ட மொதல்ல வந்து கேட்டது ஆருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுமுங்க" என்றார்.

எதிரே ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அவரு கார் எதுக்கு நின்னுச்சுன்னு கேட்டாரு. கார் நின்னது நெசம்தானுங்களே. பூட்ட மாத்துனது ஆருங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. டயர் என்ன விலை என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"நீங்க சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன். கோச் மேலேயும் எனக்குக் கோபம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. "போகலைன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா இத்தன வருசம் நான் இப்படி..."

"நீங்க காரப் பத்திக் கேட்டீங்க, அதுக்குச் சொன்னேன். ஆட்டையாம்பட்டி டீமுக்குப் போறீங்களான்னு ஒருத்தரும் கேக்கலீங்க. டீக்கடைப் பேச்சு என் காதுக்கும் வந்துச்சு. நீங்களாச்சும் கேப்பீங்கன்னு செவ்வாய், புதன், ரெண்டு நாளும் மைதானத்துல கடைசி ஆளா நின்னு பாத்தேன். எல்லாரும் கெளம்புனதுக்கு அப்புறமும் நின்னேன். நீங்க கோன எண்ணி உள்ள வெச்சுட்டுப் போயிட்டீங்க." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அத விடுங்க. நான் இப்ப நேராவே கேக்கறேன். பொண்ணு எப்படிங்க? குடும்பம் எப்படிங்க?"

எனக்குள் இருந்த கோபம் அத்தனையும் அப்படியே இருந்தது. போய் விழுவதற்குத்தான் இடம் இல்லாமல் போய்விட்டது.

"தங்கமான பொண்ணுங்க" என்றேன். "குடும்பமும் நல்ல குடும்பம். எங்கப்பா படுத்திருந்தப்ப அவருதானுங்க கூட இருந்து பாத்தாரு."

அதைச் சொல்லும்போது நான் இழுக்கவில்லை. கோச் தலையை ஆட்டிக்கொண்டார். "வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வாரோமுங்க. அவங்களுக்கே இன்னைக்கு ராத்திரிதான் தரகர் சொல்லுவாரு. முடியற வரைக்கும் வெளிய தெரிய வேண்டாமுங்க" என்று எழுந்தார். "செரிங்க" என்றேன்.

அதெல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால்தான் இப்போது எழுதுகிறேன். ஒரே பெண் என்பதால் எடை மேடைக்காரரும் வேலையை விட்டுவிட்டு மகளோடு ஆட்டையாம்பட்டிக்கே போய்விட்டார். அங்கே அந்த ஊர்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் அதே கறுப்புக் குடையோடு உட்கார்ந்திருக்கிறாராம். எந்தக் குற்றத்தைச் சொல்லி நாங்கள் ஒரு மனுஷனைத் துரத்தினோமோ, அதையே இவர் காலாட்டிக்கொண்டு செய்கிறார், கேட்பாரில்லை.

ஆனால் கோச் வந்துபோன அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். பைக் திருப்பத்தில் மறைந்து கால்மணி நேரம் ஆகியிருக்காது. எடை மேடை ஜன்னல் சாத்தியது. அவர் ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தார். எட்டு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. காதில் பேனா. முகத்தில் அதே கவலை, அதே பிரியம்.

"ஏனுங்க தம்பி, வந்துட்டுப் போனது நம்ம கோச்சுங்களா? திரும்ப நம்ம டீமுக்கே வரப் போறாருங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அவர் பெண்ணின் வாழ்க்கை என் நாக்கு நுனியில் இருக்கிறது. அதைத் தெரியாமல் இந்த மனுஷன் என் முன்னால் நின்றுகொண்டு ஆட்டையாம்பட்டிக் கிளப்புக்குக் கோச் இல்லாமல் பண்ணிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். இல்லை என்று சொன்னால், அப்படியானால் எதுக்கு வந்தாருங்க என்பார்.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றேன். "வெள்ளிக்கெழம சொல்றேன்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது.

"செரிங்க, செரிங்க. சும்மாதான் கேட்டேன்" என்றார். திரும்பி நடந்தவர் எடை மேடைக்குப் போகவில்லை. நேராக டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் செயலாளர் இருந்தார், இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இவர் குனிந்து ஏதோ கேட்டார். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் என் கடைப் பக்கம் திரும்பியது. செயலாளர் போனை எடுத்தார்.

நான் வேலையை நிறுத்திவிட்டுக் கடை வாசலில் வந்து நின்றேன். நடுவில் இருப்பது ஒரு ரோடுதான். அவர்களில் ஒருத்தராவது எழுந்து வந்து என்னிடம் நேராகக் கேட்பார்களா என்று கடை சாத்துகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் வரவில்லை.